மூளையும் பிராணவாயுவும்

1774ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதலாம் திகதி, இங்கிலாந்திலே ஒரு பிரபுவின் மாளிகையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த யோசேப்பு பிறீஸ்த்லி என்னும் மதகுரு, பெரியதொரு கண்ணாடி வில்லையினால் வெயிலைக் குவித்து இரசத்தின் செந்நிறப் பற்பத்தைச் சுடவைத்தார். அதிலிருந்து வெளிவந்த காற்றிலே மெழுகுவர்த்தி வழக்கத்தினும் மிகுந்த பிரகாசத்துடன் எரிந்தது. அடுத்த ஆண்டில் அக்காற்று நிரம்பிய சாடிக்குள் ஒரு சுண்டெலியை விட்டார். அதே அளவு சாதாரணக் காற்றில் பிழைத்திருக்கக்கூடிய நேரத்தினும் நெடுநேரம் அது உயிருடன் இருந்தது. பின்னர் தாமும் அதனைச் சுவாசித்துப் பார்த்தார். நெஞ்சு இலேசானதுபோல் அவருக்குத் தோன்றியது. நோயாளருக்கு இது நல்ல மருந்தாகலாம் என்று எழுதிய அவர், கூடவே ஓர் ஐயத்தையும் எழுதிவைத்தார். இக்காற்றில் மெழுகுவர்த்தி விரைவாக எரிந்து தீர்வதுபோல, நலமுள்ள மனிதனும் இதனைச் சுவாசித்தால் தன் வாழ்நாளை விரைவில் எரித்துத் தீர்த்துவிடுவானோ என்பதே அவ்வையம்.

அக்காற்றே பிராணவாயு எனப்படுவது. இரசாயன நூலார் அதனை ஒட்சிசன் என்பர்.

பிறீஸ்த்லியின் ஐயம் வெறுங்கற்பனையன்று என்பது நூறு ஆண்டுகளின் பின் வெளியாயிற்று. பிரான்சு தேசத்து உடற்றொழிலியல் அறிஞராகிய போல் பேர், காற்றழுத்தம் உயிர்களை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை ஆராய்ந்து 1878இல் பெருநூலொன்றை வெளியிட்டார். அழுத்தம் மிகுந்த பிராணவாயுவுள் அடைக்கப்பட்ட பறவைகளும் நாய்களும் வலிப்புக் கண்டு துடித்ததை அதில் அவர் விவரித்துள்ளார். வலிப்பு மூளையின் கோளாறு. பிராணவாயுவின் அழுத்தம் பெரிதும் மிகும்போது முதன்முதலில் முறையிடும் உறுப்பு மூளைதான். கடலில் மூழ்கி வேலை செய்வோர் தூய பிராணவாயுவை மட்டும் சுவாசித்துக்கொண்டு ஆழத்துக்குச் செல்லலாகாது என்ற கட்டுப்பாடு இன்றும் இருப்பதற்குக் காரணம் இதுவே.

இதில் ஒரு வியப்பு உண்டு. பிராணவாயுவுக்காக மிகுதியும் ஏங்குவதும் அதே மூளைதான். வளர்ந்த மனிதனின் மூளை ஏறக்குறைய 1400 கிராம் நிறையுள்ளது. உடல் நிறையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்று கொள்ளலாம். ஆனால் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் பிராணவாயுவில் நூற்றுக்கு 20 பங்கை அது தனக்கென எடுத்துக்கொள்கின்றது. நிமிடந்தோறும் ஏறக்குறைய 750 மில்லிலீற்றர் குருதி அதனூடே பாய்ந்தவண்ணம் இருக்கின்றது. தசைநார், பிராணவாயு குறைந்தாலும் சிறிது நேரம் சமாளிக்கும். ஈரல் மாப்பொருளைச் சேமித்து வைத்திருக்கும். மூளையோ அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் செலவிடும் குடும்பத்தைப் போன்றது. குருதியோட்டம் முற்றாக நின்றால் பத்து விநாடி அளவில் நினைவு தப்பிவிடும். சில நிமிடங்கள் கடந்தால் அழிவு தொடங்கிவிடும்.

இவ்வளவு பிராணவாயுவைக் கொண்டு மூளை செய்வது என்ன? ஒவ்வொரு கலத்தினுள்ளும் இழைமணி எனப்படும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. உணவிலிருந்து பிரிந்த இலத்திரன்கள் அங்கே கைமாறிக் கைமாறிச் செல்கின்றன. அவ்வோட்டத்திலேதான் கலத்துக்கு வேண்டிய சக்தி பிறக்கின்றது. ஓட்டத்தின் முடிவில் நின்று அவ்விலத்திரன்களை ஏற்றுக்கொள்வது பிராணவாயு. ஒரு மூலக்கூறு நான்கு இலத்திரன்களையும் ஒழுங்காகப் பெற்றால் தீமையற்ற நீராகிவிடும். எப்போதாவது வழியில் ஓர் இலத்திரன் கசிந்து, தனியாகப் பிராணவாயுவின்மேல் ஏறிக்கொண்டால், சுப்பர் ஒட்சைட்டு என்னும் அரைகுறைப் பொருள் உண்டாகின்றது. அதிலிருந்து ஐதரசன் பேரொட்சைட்டு தோன்றும். புண்களைக் கழுவ முன்னர் பெரிதும் பயன்பட்ட மருந்துநீர் இதுவே. இரும்பின் சேர்க்கையால் இது ஐதரொட்சில் என்னும் மூலிகமாக மாறும்போது நிலைமை மோசமாகின்றது. இலத்திரன்கள் இணையிணையாக இருப்பதே மூலக்கூறுகளின் இயல்பு. துணையற்ற ஒற்றை இலத்திரனை உடைய மூலிகம், அருகில் அகப்பட்ட எதனிடமிருந்தாயினும் ஓர் இலத்திரனைப் பறித்துத் தன் குறையைத் தீர்த்துக்கொள்ளும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கும். இவ்வாறு பற்றிப் பரவுவதால் கலத்தின் சவ்வும் புரதமும் மரபுப்பொருளும் பழுதடைகின்றன. இத்தகைய பொருள்கள் தோன்றும் வேகம் அவற்றை அடக்கும் வேகத்தை மீறிவிடும் நிலைக்கு ஒட்சியேற்ற அழுத்தம் என்று பெயர். 1985இல் ஜேர்மன் அறிஞர் எல்முட் சீஸ் இச்சொல்லுக்கு வரைவிலக்கணம் கூறியபின் அது வைத்திய நூல்களில் நிலைபெற்றது.

மூளை ஏன் இதற்கு எளிதில் இரையாகின்றது என்பதைச் சமையலறையிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். தேங்காயெண்ணெய் போத்தலிலே பல மாதம் கெடாதிருக்கும். மீனெண்ணெயோ காற்றுப்பட்டால் விரைவிலே காறிப்போய் நாற்றமெடுக்கும். கொழுப்பின் அமைப்பிலுள்ள வேறுபாடே காரணம். மீனெண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் பல இருப்பதால், பிராணவாயு எளிதில் அவற்றைத் தாக்குகின்றது. மூளையின் நீரைப் போக்கிவிட்டால் எஞ்சுவதில் பாதிக்கு மேல் கொழுப்புப் பொருளே. அதிலும் நரம்புக் கலங்களின் சவ்வுகளில் செறிந்திருப்பது மீனெண்ணெயிற் காணப்படும் அதே வகையைச் சேர்ந்தது. போதாக்குறைக்கு, மூளையின் சில பகுதிகளில் இரும்பு மிகுதி. பேரொட்சைட்டை உடைக்கும் கத்தலேசு என்னும் நொதியமோ அங்கே மிகக் குறைவு. புண்ணில் பேரொட்சைட்டை ஊற்றியதும் நுரை பொங்குவது, குருதியில் அந்நொதியம் நிறைந்திருப்பதால்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, தோலோ குடலோ போல மூளை தன் இழப்பைப் புதுக்கலங்களால் நிரப்பிக்கொள்வதில்லை. பிறக்கும்போது வாய்த்த நரம்புக் கலங்களைக் கொண்டே பெரும்பாலும் முதுமைவரை காலந்தள்ள வேண்டியிருக்கின்றது.

இவ்வுண்மைகள் ஒரே நாளில் தெரியவந்தவையல்ல. 1954இல், அமெரிக்காவின் றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆர்ஜென்ரீனப் பெண் விஞ்ஞானி றெபேக்கா கேர்ஷ்மன், பிராணவாயு மிகுதியால் விளையும் கேடும் எக்ஸ் கதிரால் விளையும் கேடும் ஒரே வழியில், அதாவது மூலிகங்களின் வாயிலாக, நிகழ்வனவே என்று வாதித்தார். அக்காலத்தில் அதனை ஏற்றுக்கொண்டோர் சிலரே. உயிருள்ள கலத்துக்குள் இத்தகைய மூர்க்கமான பொருள்கள் நிலைத்திருக்க முடியாதென்பது பலரது எண்ணம்.

அவ்வெண்ணம் மாறிய விதம் சுவையானது. 1938இல் மான், கெயிலின் என்னும் இருவர் மாட்டுக் குருதியிலிருந்து செம்பு சேர்ந்த நீலப்பச்சைப் புரதமொன்றைப் பிரித்தெடுத்திருந்தனர். அதன் தொழில் யாதென ஒருவருக்கும் தெரியவில்லை. செம்பைச் சேமித்து வைக்கும் களஞ்சியமாக இருக்கலாம் என்று கருதி, முப்பது ஆண்டுகள் அதனை அப்படியே விட்டுவைத்தனர். 1969இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மக்கோட் என்ற மாணவரும் அவருடைய ஆசிரியர் எர்வின் பிரிடோவிச்சும், அப்புரதம் ஒரு நொதியமே என்றும், சுப்பர் ஒட்சைட்டைப் பெருவேகத்தில் அழிப்பதே அதன் தொழில் என்றும் காட்டினர். காவலன் இருக்கின்றான் என்றால் கள்வனும் இருந்தே ஆகவேண்டும் அல்லவா? உடல் தனக்குள் மூலிகங்களை நாளும் உண்டாக்குகின்றது என்பதை அதன்பின் மறுப்பார் அரிதாயினர். குளுத்தாதயோன், விற்றமின் ஈ முதலிய வேறு காவலரின் பணியும் ஒவ்வொன்றாகத் தெளிவாயிற்று.

காவலரின் பலம் போதாதபோது மருந்தாக மேலும் சிலரை அனுப்பி மூளையைக் காப்பாற்றலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அவ்வெண்ணம் பெரிதும் பற்றிக்கொண்டது பாரிசவாத நோயை. வீட்டில் ஒருவருக்குத் திடீரென வாய் கோணுகிறது, கையிலிருந்த கோப்பை நழுவுகிறது, பேச்சுக் குழறுகிறது. பெரும்பாலான நோயாளரில், மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் ஒன்றிலே குருதிக்கட்டி அடைத்துக்கொண்டதன் விளைவு இது. அடைப்புக்கு நேரே உள்ள பகுதி சில நிமிடங்களில் மாண்டுவிடும். அதனைச் சூழ்ந்துள்ள பகுதிக்கோ அயற்குழாய்களிலிருந்து சிறிதளவு குருதி கசிந்து வருகின்றது. அது வேலை செய்ய முடியாமல் ஓய்ந்துகிடக்கும், ஆனால் மாண்டுவிடவில்லை. கிரகணத்தில் முழுநிழலைச் சூழ்ந்த அரைநிழலைப் போன்றதென்று கருதி, 1970களில் அறிஞர் இதற்குப் புறநிழற் பகுதி என்று பெயரிட்டனர். வைத்தியரின் நம்பிக்கை முழுவதும் இப்புறநிழலிலேதான் தங்கியிருக்கின்றது. மனித மூளையிலுள்ள நரம்புக் கலங்கள் ஏறக்குறைய 8,600 கோடி. பெரிய குழாயொன்று அடைபட்ட பாரிசவாதத்தில், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் சராசரி 19 இலட்சம் கலங்கள் அழிகின்றன என்று அமெரிக்க வைத்தியர் ஜெப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார்.

புறநிழலில் நடப்பது வெறும் பட்டினிச் சாவு மட்டுமன்று. இழைமணிகளில் இலத்திரன்கள் ஏற்பாரின்றித் தேங்கி நிற்கின்றன. புரதங்களிற் பிணைந்திருந்த இரும்பு விடுபடுகின்றது. அந்நேரத்தில் அடைப்பு நீங்கிப் பிராணவாயு திரும்பிவந்தால், தேங்கிய இலத்திரன்கள் அதன்மேற் பாய்ந்து மூலிகங்கள் வெள்ளமெனத் தோன்றும். குருதி வராமலிருப்பது ஒரு கேடு. வரும்போதும் ஒரு கேடு. பின்னதைத் தடுக்கும் மருந்து கிடைத்தால் எத்துணை நன்று!

அத்தகைய மருந்துகளில் மிகுந்த எதிர்பார்ப்புடன் வந்தது என்.எக்ஸ்.வை. 059 என்று குறிக்கப்பட்ட ஒரு பொருள். அலைந்து திரியும் மூலிகத்தைப் பிடித்துத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும் தன்மை அதற்கிருந்தது. எலிகளில் மூளைக் குழாயை அடைத்து இம்மருந்தைக் கொடுத்தபோது அழிந்த பகுதி பெரிதும் சிறுத்தது. மார்மொசெற் என்னும் சிறு குரங்கிலும் கையின் வலிமை ஓரளவு காக்கப்பட்டது. இதற்கு முன் பல மருந்துகள் தோற்றிருந்தமையால், மனிதருக்குக் கொடுக்குமுன் விலங்குகளில் என்னென்ன சோதனைகள் நடந்திருக்கவேண்டும் என்று 1999இல் அறிஞரும் மருந்து நிறுவனத்தாரும் கூடி விதிகள் வகுத்திருந்தனர். அவ்விதிகளை ஏறக்குறைய முழுமையாக நிறைவுசெய்த மருந்தென்று இது புகழப்பட்டது.

நோய் தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள், 1,700க்கு மேற்பட்ட நோயாளரில் நடந்த முதற் பெரும் பரிசோதனையின் முடிவு 2006 பெப்ரவரியில் வெளியாயிற்று. மூன்று மாதங்களின் பின் நோயாளரின் இயலாமை சிறிதளவு குறைந்திருந்தது. ஆயினும் நரம்புத் தேர்வில் புலப்படும் குறைபாடுகளில் வேறுபாடு காணப்படவில்லை. சிறு வெளிச்சம் தெரிந்ததென்று யாவரும் மகிழ்ந்தனர். அதனை உறுதிசெய்ய 3,300 நோயாளர் அளவில் நடந்த இரண்டாவது பரிசோதனையில் அவ்வெளிச்சமும் அணைந்துபோயிற்று. மருந்து பெற்றோருக்கும் வெறும் நீர்மருந்து பெற்றோருக்கும் இடையே ஒரு வேறுபாடும் இல்லை. 2006 முடிவதற்குள் அம்மருந்தின் ஆராய்ச்சி கைவிடப்பட்டது. அதே ஆண்டில் அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ஒரு கணக்கெடுத்தனர். பாரிசவாதத்தில் மூளையைக் காக்குமென்று அதுவரை சோதித்துப் பார்க்கப்பட்ட சிகிச்சைகளின் தொகை 1,026. அவற்றில் மனிதரிற் சோதனைக்கு வந்தவை 114. குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்து, அஸ்பிரின் போன்ற ஒரு சிலவற்றை நீக்கினால், மூளைக் கலத்தை நேரடியாகக் காப்பதாக நிரூபிக்கப்பட்டது ஒன்றேனும் அப்பட்டியலில் இல்லை.

எலியைக் காத்தது மனிதனைக் காக்காதது ஏன்? இதற்குப் பல விடைகள் சொல்லப்பட்டன. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கின்றது. ஆய்வுகூடத்து எலி இளமையானது. நீரிழிவோ இரத்த அழுத்தமோ அதற்கில்லை. மனிதருக்குப் பாரிசவாதம் வருவது பெரும்பாலும் முதுமையில், வேறு நோய்களும் சேர்ந்திருக்கும்போது. எலியின் மூளைக் குழாயை மெல்லிய இழையொன்றினால் அடைத்து, குறித்த நேரத்தில் அவ்விழையை வெளியே இழுத்துவிடுவர். மருந்து தாராளமாகக் குருதியுடன் உள்ளே செல்லும். அன்றைய மனித நோயாளரிலோ அடைப்பு அப்படியே இருந்தது. கதவு பூட்டிய வீட்டுக்கு வெளியே நின்று தீயணைப்போர் நீர் பாய்ச்சியதுபோல் ஆயிற்று. மேலும் இம்மருந்து நீரிற் கரைவது. மூளையைச் சூழ்ந்துள்ள நுண்குழாய்த் தடுப்பைக் கடந்து அது உட்செல்வது அரிது. இவை போதாவென்று, விலங்குப் பரிசோதனைகளைத் திரும்ப ஆராய்ந்தபோது சங்கடமான உண்மையொன்றும் வெளிவந்தது. எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் நீர் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்யாமலும், அளப்பவருக்கு அது தெரியாமல் மறைக்காமலும் நடந்த சோதனைகளிலேதான் மருந்தின் பலன் பெரிதாகத் தோன்றியிருந்தது. ஆராய்பவரின் ஆசை அளவுகோலையும் வளைத்துவிடும் என்பது விஞ்ஞானத்திலும் பொய்யாவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மூலிகங்கள் கள்வர் மட்டுமல்ல. வெண்குருதிக் கலங்கள் கிருமிகளைக் கொல்ல அவற்றையே படைக்கலமாகக் கொள்கின்றன. குருதிக்குழாய் விரிவதற்கும், கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதற்கும் அவற்றுட் சில தூதராகவும் பயன்படுகின்றன. எல்லாவற்றையும் ஒருங்கே துடைத்தெறிந்தால் நன்மையே விளையுமென்று எண்ணுவதற்கு ஆதாரமில்லை.

யப்பானில் நிலைமை வேறு. எடரவோன் என்னும் மூலிகந்தணிக்கும் மருந்தைப் பாரிசவாத நோயாளருக்குக் கொடுக்க அந்நாடு 2001இல் அனுமதி வழங்கியது. பிற நாடுகள் பலவற்றில் அதற்கு அவ்வனுமதி கிடைக்கவில்லை. பின்னர், தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் படிப்படியாக அழியும் ஏ.எல்.எஸ். என்னும் நோய்க்கு யப்பானில் 2015இலும், அமெரிக்காவில் 2017இலும் அதே மருந்து அனுமதிக்கப்பட்டது. தெரிந்தெடுத்த ஒரு பகுதி நோயாளரில் நோய் மோசமாகும் வேகத்தைச் சற்றுக் குறைத்ததே அவ்வனுமதிக்கு ஆதாரம். நோயைத் தீர்த்ததாக எவரும் கூறவில்லை.

இங்கே விற்றமின் குளிகைகளைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கின்றது. மூலிகங்களை அழித்து மூளையைக் காக்கும் என்ற விளம்பரத்துடன் அழகிய போத்தல்களில் அவை எங்கும் விற்கப்படுகின்றன. வாங்குவோர் பெரும்பாலும், பெற்றோருக்கு மறதி வந்ததைக் கண்டு தமக்கும் வந்துவிடுமோ என்று அஞ்சுகின்றவர்கள். அவ்வச்சத்தைக் குறைகூற முடியாது. ஆனால் அக்குளிகைகள் சோதிக்கப்படாதவையல்ல. பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய் தொடங்கிய 800 பேரில், அமெரிக்காவிலும் கனடாவிலும் 1987 முதல் நடந்த பரிசோதனையொன்றில், ஒரு பகுதியினருக்கு விற்றமின் ஈ பெருமளவில், நாளொன்றுக்கு 2,000 அலகு வீதம் கொடுக்கப்பட்டது. நோயின் வேகம் எள்ளளவும் குறையவில்லை என்ற முடிவு 1993இல் வெளியாயிற்று. பின்லாந்திலே புகைபிடிக்கும் ஆடவர் 29,000 பேர் அளவில் நடந்த இன்னொரு பரிசோதனையின் முடிவு 1994இல் வந்தது. விற்றமின் ஈ உண்டவர்களிடையே மூளையில் குருதி கசிந்து இறந்தோர் தொகை குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. பீற்றா கரோற்றீன் உண்டவர்களிடையே நுரையீரற் புற்றுநோய் மிகுந்தது. உணவிலுள்ள விற்றமின் உடலுக்கு இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. அதனையே பிரித்தெடுத்துப் பத்து மடங்கு, நூறு மடங்கு உண்பது வேறு காரியம்.

பாதுகாப்பு மருந்தைத் தேடி அலைந்த அதே காலத்தில், பிராணவாயுவை அள்ளி வழங்கும் பழக்கத்தின் மீதும் சிலருக்கு ஐயம் பிறந்தது. பிறந்தவுடன் அழாத, மூச்செடுக்காத குழந்தைக்குத் தூய பிராணவாயுவை ஊட்டுவதே உலகெங்கும் பல்லாண்டு வழக்கமாயிருந்தது. அது தவறாயிருக்கலாம் என்று கருதியவர் நோர்வே நாட்டுக் குழந்தை வைத்தியர் ஊலா சௌக்ஸ்ராட். மூச்சின்றித் தவித்த மூளைக்குத் திடீரெனத் தூய பிராணவாயுவை ஊட்டினால் மூலிக வெள்ளம் பெருகுமல்லவா என்று அவர் வினவினார். அக்கேள்வியைக் குழந்தைகளில் முதன்முதலாகச் சோதித்துப் பார்த்த இடங்களில் டெல்லியும் ஒன்று. அதனைத் தொடர்ந்து ஆறு நாடுகளில் 609 குழந்தைகளில் நடந்து 1998இல் வெளியான பரிசோதனை, சாதாரண அறைக்காற்றே போதும் என்பதை உணர்த்திற்று. பின்வந்த ஆராய்ச்சிகளை ஒருங்கே சேர்த்துப் பார்த்தபோது, அறைக்காற்று ஊட்டப்பட்ட குழந்தைகளிடையே இறப்பும் குறைவாக இருந்தது. 2010இல் சர்வதேச வழிகாட்டு விதிகள் மாறின. நிறைமாதக் குழந்தைக்கு அறைக்காற்றிலேயே தொடங்கவேண்டும் என்பது விதியாயிற்று. விலையுயர்ந்த மருந்தொன்றும் செய்யாத நன்மையை விலையில்லாத காற்று செய்தது. பாரிசவாத நோயாளரிலும், 2017இல் வெளியான பிரித்தானியப் பரிசோதனையொன்றில், 8,003 பேரில், குருதியில் பிராணவாயு குறையாதவர்களுக்கு வழக்கமாக அதனைக் கொடுப்பதால் பயனில்லை எனத் தெரிந்தது.

மூளையைக் காப்பதாக உண்மையில் நிரூபிக்கப்பட்டது குளிர்ச்சி. பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் உடலை, ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரம் 33.5 பாகை அளவில் குளிர்த்தி வைத்தால், மூளையின் பிராணவாயுத் தேவையும் குறைகின்றது. பின்னால் எழும் மூலிகக் கேடும் குறைகின்றது. 2005இலும் 2009இலும் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் வெளியான பரிசோதனைகளின் பயனாக, செல்வ நாடுகளில் இது வழக்கமான சிகிச்சையாயிற்று. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கும் இது பொருந்துமென்றே பலரும் எண்ணினர். அதனைச் சோதித்தவர்கள் இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளின் ஏழு வைத்தியசாலைகளைச் சேர்ந்தவர்கள். 2015 முதல் 2019 வரை 408 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். முடிவு 2021இல் வெளியாயிற்று. குளிர்த்தப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 42 பேரும், குளிர்த்தப்படாத குழந்தைகளில் நூற்றுக்கு 31 பேரும் இறந்திருந்தனர். பிழைத்தவர்களின் ஊனத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் நன்மை இல்லை.

செல்வ நாடுகளில் உயிர்காத்த சிகிச்சை இங்கே உயிருக்குத் தீங்காயிற்று. ஏன் என்பதற்கு ஆராய்ச்சியாளர் கூறும் விளக்கம், இப்பகுதியில் மூளைக்கேடு பிரசவ வேளையில் திடீரென நேராமல், கருப்பையிலேயே நெடுநேரமாகத் தொடங்கிவிட்டிருக்கக்கூடும் என்பதாகும். சிகிச்சை தொடங்கும்போது காப்பதற்குரிய காலம் கடந்துவிட்டிருக்கும். எவ்வாறாயினும், பிறநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே செய்யாமல் தம் நாட்டுக் குழந்தைகளில் முறையாகச் சோதித்துப் பார்த்தவர்களின் செயல் பாராட்டுக்குரியது. அச்சோதனை நடவாதிருந்தால், நல்லதென்று நம்பியே தீங்கு தொடர்ந்திருக்கும்.

பாரிசவாதத்துக்கு இன்று கிடைக்கும் சிறந்த பாதுகாப்பு, குழாயைத் திறப்பதுதான். குருதிக்கட்டியைக் கரைக்கும் அல்தெப்பிளேசு மருந்தின் பயன் 1995இல் நிரூபிக்கப்பட்டது. அப்போது நோய் தொடங்கி மூன்று மணி நேரமே எல்லை. 2008இல் அது நாலரை மணியாக நீண்டது. 2015இல் ஐந்து பரிசோதனைகள் அடுத்தடுத்து வெளிவந்து, தொடையிலுள்ள குழாய் வழியாக நுண்கம்பியை மூளைவரை செலுத்திக் கட்டியையே இழுத்தெடுக்கலாம் என்று காட்டின. எலியின் இழையை வெளியே இழுத்ததற்கு ஒப்பாக மனிதரிலும் செய்யக்கூடிய நிலை இப்போதுதான் வந்திருக்கின்றது. எனவே முன்னர் தோற்ற மருந்துவகைகளைத் திறந்த குழாயின் வழியே மறுபடியும் சோதிக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. அவற்றில் முதலாவதாக வந்த சிலவற்றின் முடிவுகள் ஏமாற்றமளித்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இவற்றுக்கெல்லாம் முன்பு, அடைப்பா குருதிக்கசிவா என்பதை சி.ரி. படம் எடுத்தே அறியவேண்டும். வெளியறிகுறிகள் இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் வீட்டிலே அஸ்பிரின் கொடுப்பதும் ஆபத்து. எண்ணெய் தடவி உருவிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று காத்திருந்தால் கழிவது இரவு மட்டுமன்று. இலங்கையில் 1990 என்னும் எண்ணுக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் தொடங்கியது. வைத்தியசாலையில் நோயாளரை இறக்கியதும் வைத்தியர் முதலிற் கேட்பது, அவர் எப்போது விழுந்தார் என்பதன்று. கடைசியாக எத்தனை மணிக்கு அவரை நலமாகக் கண்டீர்கள் என்பதே. படுக்கையிலிருந்து எழும்போதே வாய் கோணியிருந்தவருக்கு, முன்னிரவு அவர் படுக்கப்போன நேரந்தான் விடை. அந்நேரத்தைச் சொல்லத் தெரிந்த ஒருவர் நோயாளருடன் வண்டியில் ஏறவேண்டும்.